ரங்கப் பிள்ளை வீதியின் பழைய வீடும் அதைக் கட்டிய ஆனந்தரங்கப் பிள்ளையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரிக்கு வரும் உறவினர்களையும் நண்பர்களையும் பெரிய மார்க்கெட்டைச் சுற்றியுள்ள பழைய தெருக்களுக்கு அழைத்துப் போகும் வழக்கம் எனக்கு உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளையின் வீட்டுக்கு எதிரே வந்து நின்றால், ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி முடிப்பதற்குள் சரக்கு ஆட்டோக்காரர் ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்துவிடுகிறார். ஆகவே, கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, பதில்களை நிதானமாக எழுதியிருக்கிறேன். தங்கள் சொந்த வீட்டின் பழங்கதையைத் தேடுகிறவர்கள் கேட்டவை பின்பகுதியில் உள்ளன.

இந்த வீடு சரியா எங்கே இருக்கு? எப்படிப் போறது?

நேரு வீதிக்குத் தெற்கே, அதற்கு இணையாகக் கிழக்கு மேற்காகச் செல்லும் ரங்கப் பிள்ளை வீதியில், பெரிய மார்க்கெட் என்று எல்லோரும் சொல்லும் குபேர் அங்காடிக்கு அருகில் இருக்கிறது. வீதியின் பெயரே வீட்டுக்காரரின் பெயர்தான். கடற்கரைப் பக்கமிருந்து நடந்து வந்தால், நகரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வர வேண்டும். கிழக்குப் பக்கம் ஐரோப்பியர் குடியிருந்த பகுதி, மேற்குப் பக்கம் தமிழர் குடியிருந்த பகுதி என்பதை இங்கேயே மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் சில பதில்கள் எளிதாகப் புரியும்.

ஆனந்தரங்கப் பிள்ளை யாரு? டூப்ளேயோட செக்ரட்டரின்னு படிச்சிருக்கேன், அது சரியா?

பாதி சரி. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் தலைமைத் துபாஷியாக இருந்தவர் என்பது உண்மை. துபாஷி என்பவர் வெறுமனே மொழிபெயர்ப்பவர் அல்லர். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் உள்ளூர் வணிகர்களுக்கும் நடுவே நின்று, சரக்கு வாங்கித் தருவது, முன்பணத்துக்குப் பொறுப்பேற்பது, நவாபுகளின் ஆட்களுடன் பேசுவது, தமிழர் பகுதியின் வழக்குகளைக் கவனிப்பது என்று எல்லாவற்றிலும் கை வைத்திருந்த பெரிய பதவி அது.

ஆனால் அந்தப் பதவி அவரிடம் வந்தது 1747 வாக்கில்தான். அதற்கு முன்பே அவர் ஊரறிந்த வணிகர். துணி, பாக்கு, கடல் வாணிகம் என்று பல தொழில்கள் அவரிடம் இருந்தன. ஆனந்தப் புரவி என்ற பெயரில் சொந்தக் கப்பலும் ஓடியது. வரலாற்று மாணவர்கள் அவரை முதன்மையாக நினைப்பது வேறொரு காரணத்துக்காக. 1736 செப்டம்பர் 6 முதல் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் தமிழில் நாட்குறிப்பு எழுதியவர் அவர். அந்தக் காலத் தென்னிந்தியாவை ஒரு தமிழரின் கண்ணால் நாள்வாரியாகப் பார்க்க அதைவிட விரிவான எழுத்து கிடையாது.

அவர் புதுச்சேரிக்காரரா, சென்னைக்காரரா?

பிறந்தது சென்னையை அடுத்த பெரம்பூரில், 1709 மார்ச் 30 அன்று. தமிழ்க் கணக்கில் சர்வதாரி வருஷம் பங்குனி மாதம். யாதவ குலத்தைச் சேர்ந்த வைணவக் குடும்பம். தந்தை திருவேங்கடம் பிள்ளை, அப்போது புதுச்சேரியில் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்த மைத்துனர் நைனியப் பிள்ளையின் அழைப்பின் பேரில் இங்கே குடிவந்தார். ஆனந்தரங்கர் சிறு பிள்ளையாக வந்து வளர்ந்த ஊர் இது. அவர் வாழ்நாள் முழுவதும் இங்கேதான் என்பதால், அவரைப் புதுச்சேரிக்காரர் என்று சொல்வதில் தவறில்லை.

நைனியப் பிள்ளையின் கதையைச் சொல்லாமல் இந்தக் குடும்பத்தைப் புரிந்துகொள்ள முடியாது. 1716-ல் ஆளுநர் எபேர் காலத்தில் அவர் மேல் குற்றம் சுமத்திச் சிறையில் அடைத்தார்கள். அடுத்த ஆண்டு சிறையிலேயே இறந்தார். அவர் மகன் குருவப் பிள்ளை கப்பலேறிப் பிரான்சுக்கே போய் நியாயம் கேட்டார். அங்கே கிறித்துவரானார், அரச விருது பெற்றுத் திரும்பினார், தந்தையின் பதவியிலும் அமர்ந்தார். பதவி எவ்வளவு உயரத்துக்குத் தூக்கும், எவ்வளவு வேகமாகக் கீழே தள்ளும் என்பதை ஆனந்தரங்கர் சிறுவயதிலேயே தம் வீட்டுக்குள் பார்த்துவிட்டார். பதவியில் இருந்த நாட்களிலும் அவர் வணிகத்தைக் கைவிடாததற்கு இதுவே காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

டூப்ளேதான் இந்த வீட்டைக் கட்டிக் கொடுத்தாராமே?

இல்லை. அடிக்கடி கேட்கும் தவறான செய்தி இது. ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே உடைந்துவிடும். வீடு 1738-ஐ ஒட்டிக் கட்டப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது. டூப்ளே புதுச்சேரிக்கு ஆளுநராக வந்தது 1742 ஜனவரியில். ஆனந்தரங்கர் தலைமைத் துபாஷி ஆனது, முன்பே சொன்னதுபோல, 1747 வாக்கில். வீடு எழுந்த காலத்தில் ஆளுநராக இருந்தவர் துய்மா; தலைமைத் துபாஷியாக இருந்தவர் கனகராய முதலியார்.

ஆக, இதைத் துபாஷி மாளிகை என்று அழைப்பதைவிட வணிகர் வீடு என்று அழைப்பதே பொருத்தம். முப்பது வயதைத் தொடாத ஒரு தமிழ் வணிகர், தம் சொந்தச் சம்பாத்தியத்தில், தமிழர் பகுதியில், தமிழ் வீட்டு முறையில் எழுப்பிய வீடு இது. பதவி வந்த பிறகு அந்த வீட்டு வாசலுக்குப் பல்லக்குகளும் வாத்தியங்களும் வந்தன என்பது அடுத்த கட்டம். இந்த ஒரு வரிசையை மட்டும் சரியாகப் பிடித்துக்கொண்டால் வீட்டைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

பதவிக்கு முன்னாடியே இவ்வளவு பெரிய வீடு கட்டப் பணம் எங்கிருந்து வந்தது?

தந்தை 1726-ல் இறந்தபோது ஆனந்தரங்கருக்குப் பதினேழு வயது. அப்போதைய ஆளுநர் லெனுவார் அவரைப் பரங்கிப்பேட்டையில் இருந்த கம்பெனிக் கிடங்கின் உள்ளூர் ஆட்களுக்குத் தலைவராக நியமித்தார். பரங்கிப்பேட்டை அந்தக் காலத்தில் நீலத்துணிக்குப் பெயர்பெற்ற துறைமுகம். நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத் துணி எடுப்பது, சாயம் போடுவது, தரம் பிரிப்பது, கப்பலேற்றுவது ஆகிய நுணுக்கங்களை அவர் அங்கே கற்றார். பிறகு ஆர்க்காடு, லாலாப்பேட்டை ஆகிய இடங்களிலும் வணிகக் கிளைகளை நடத்தினார். ஐரோப்பியச் சரக்குகள் உள்நாட்டுக்குப் போயின, உள்நாட்டுச் சரக்குகள் துறைமுகத்துக்கு வந்தன.

வீடு கட்டிய காலமும் நகருக்கு நல்ல காலம். 1736-ல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து ரூபாய் அச்சடிக்கும் உரிமை புதுச்சேரிக்குக் கிடைத்தது. 1739-ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. கையில் பணமும் கப்பலில் பங்கும் வைத்திருந்த வணிகர்களுக்கு அது ஏறுமுகமான பத்தாண்டு.

கீழே தமிழ் வீடு மாதிரியும் மேலே பிரெஞ்சு வீடு மாதிரியும் இருக்கே, ஏன்?

கீழ்த்தளத்தில் முற்றத்தைச் சுற்றி வேலைப்பாடு மிக்க மரத் தூண்கள். மேல்தளத்தில் சுண்ணாம்புப் பூச்சுடன் வெண்மையான கட்டடத் தூண்கள். கீழே தூண் தலையில் வைக்கும் போதிகைக் கட்டை தாங்க, மேலே ஐரோப்பியப் பாணி தாங்குகிறது. புதுச்சேரியின் தமிழர் பகுதியில் இரண்டு அடுக்கு வீடுகள் பலவற்றில் இந்தக் கலப்பைக் காணலாம். கீழ்த்தளம் குடும்பத்துக்கும் சடங்குக்கும் உரிய இடம் என்பதால் அங்கே பழைய முறை மாறவில்லை. மேல்தளம் காற்றுக்கும் காட்சிக்கும் உரியது. வாய்க்காலுக்கு அப்பால் பார்த்த பாணியை அங்கே தயங்காமல் ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரு சிறு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கடற்காற்றில் உப்பு ஊறும் ஊரில் சுண்ணாம்புப் பூச்சும் மரமும் காலாகாலத்தில் புதுப்பிக்கப்பட்டே நிலைக்கின்றன. ஆகவே 1738 என்ற ஆண்டைச் சுவரின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒட்டிவிடக் கூடாது. வீட்டின் அமைப்பு வேறு, மேற்பூச்சின் வயது வேறு.

தமிழர் வீடு, பிரெஞ்சுக்காரர் வீடு — தெருவில் நின்றே எப்படிப் பிரித்துச் சொல்வது?

வாசலைப் பாருங்கள். பிரெஞ்சு வீடு உயரமான மதிலுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும். பெரிய கதவைத் திறந்தால் முதலில் தோட்டம், அதன் பிறகுதான் வளைவுகள் கொண்ட தாழ்வாரமும் வீடும். தமிழ் வீடோ தெருவோடு பேசும். தெருவை ஒட்டியே மரக்கால்கள் தாங்கும் தாழ்வாரம், வழிப்போக்கர் உட்காரலாம் என்பதுபோல ஒன்று, அதற்குள் வீட்டாருக்கான திண்ணை, பிறகு நடை, பிறகு முற்றம். பிரெஞ்சு வீட்டில் திறந்தவெளி முன்னால் இருக்கிறது. தமிழ் வீட்டில் நடுவில் இருக்கிறது. வைசியாள் வீதி என்று வழங்கும் கால்வே சுப்பராய செட்டி வீதியில் இந்த முகப்புகளை வரிசையாகச் சீரமைத்திருக்கிறார்கள். முழுத் தெருவும் எப்படி இருந்திருக்கும் என்பதை அங்கே கற்பனை செய்யாமலே பார்க்கலாம்.

டைரியை இந்த வீட்டில் உட்கார்ந்துதான் எழுதினாரா? வீட்டைப் பத்தி அதில் என்ன எழுதியிருக்கார்?

நாட்குறிப்பைப் புரட்டுகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான். வீட்டின் நீள அகலமோ செலவுக் கணக்கோ கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போனால், ஆளுநர் மாளிகையில் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பது கிடைக்கும். காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும் கப்பல் வந்ததையும் போனதையும் எழுதப் போவதாகத்தான் அவரே தொடக்கத்தில் சொல்லிக்கொள்கிறார், சொன்னபடியே செய்திருக்கிறார். தமிழ் வருஷம், மாதம், தேதி, ஐரோப்பியத் தேதி, கிழமை எல்லாவற்றையும் போட்டுவிட்டு, காலையில் ஆளுநரைப் பார்க்கப் போனதிலிருந்து எழுதத் தொடங்குவார். வீடு, நாள் முடிந்து திரும்பும் இடமாக வந்து போகும்.

வீட்டைவிட அதிகமாக வருவது அவருடைய பாக்குக் கிடங்கு. ஆட்கள் அவரைத் தேடி அங்கேதான் வருகிறார்கள்; பேச்சு, பஞ்சாயத்து, ஊர்ச்செய்தி எல்லாம் அங்கேதான் நடக்கிறது. ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போரின் ஒரு முனையாக இருந்த நகரத்தின் அரசியல், பாக்கு மூட்டைகளுக்கு நடுவே பேசி முடிக்கப்பட்டிருக்கிறது. இவரை வணிகர் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு நாட்குறிப்பில் கிடைக்கும் மிகத் தெளிவான சான்று அதுதான்.

அந்த டைரி எப்படி வெளியே வந்தது?

1846-ல் புதுச்சேரியில் இருந்த கலுவா மோன்பிரேன் என்பவர், ஆனந்தரங்கரின் வழிவந்தவர்களிடம் நாட்குறிப்பு இருப்பதைக் கண்டுபிடித்துப் படியெடுத்தார். சில ஆண்டுகளில் ஏரியல் என்ற மற்றொருவரும் படியெடுத்தார். அவர் திரட்டியவை பாரீசில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போயின. சென்னை அரசு அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளியிட்டது. தமிழில் எழுதப்பட்டதைத் தமிழர்களே நெடுங்காலம் ஆங்கிலத்தில் படித்தார்கள். தமிழ் மூலம் புதுச்சேரியில் அச்சேறியது அதற்கும் பிறகுதான்.

1761-ல் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்களே, இந்த வீடு மட்டும் எப்படித் தப்பியது?

நல்ல கேள்வி. 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி, கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் இருந்த ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தார். அதற்குப் பழிவாங்கும் விதமாக, 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்ததும் ஆங்கிலேயர் இங்கே இடிப்பு வேலையில் இறங்கினார்கள். கோட்டை, அரண்கள், டூப்ளே காலத்தில் கட்டி முடித்த ஆளுநர் மாளிகை, ஐரோப்பியர் பகுதிக் கட்டடங்கள் ஆகியவையே அவர்களுடைய முதல் இலக்கு. இன்று பாரதி பூங்காவில் காற்று வாங்குகிறவர்கள் உட்கார்ந்திருப்பது அந்தப் பழைய கோட்டை நின்ற இடத்தில்தான்.

வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில் இடிப்பு அந்த அளவுக்குத் திட்டமிட்டு நடக்கவில்லை. அதனால்தான், இன்று கண்ணில் படும் பிரெஞ்சுப் பகுதிக் கட்டடங்கள் 1765-ல் நகரம் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பிய பிறகு எழுந்தவையாக இருக்க, அதற்கு முந்தைய புதுச்சேரியைப் பார்க்க வேண்டுமானால் தமிழர் பகுதிக்கு வர வேண்டியிருக்கிறது. பழைய பிரெஞ்சுப் புதுச்சேரியின் மிகப் பழைய சாட்சி ஒரு தமிழர் வீடு என்பது சுற்றுலாச் சுவரொட்டிகளில் இன்னும் ஏறாத செய்தி.

அவருடைய கடைசிக் காலம் எப்படி இருந்தது?

ஏற்றத்தின் உச்சி 1749–50. தக்காணத்து ஆட்சிக்கு உரிமை கோரிய முசாபர் ஜங் அவருக்குப் பட்டமும் மூவாயிரம் குதிரைக்கான மன்சப் என்ற முகலாயப் பதவித் தகுதியும் கொடுத்தார். செங்கற்பட்டுக் கோட்டையும் ஜாகீரும் கிடைத்தன. அவர் மனைவி மங்கத்தாயியின் பிறந்த வீடும் செங்கற்பட்டுதான். பல்லக்கில், வாத்தியம் முழங்க ஆளுநர் மாளிகைக்குப் போகும் உரிமை பெற்றவர் அவர்.

1754 அக்டோபரில் டூப்ளே திருப்பி அழைக்கப்பட்டதும் நிலைமை சரிந்தது. ஆளுநர் லெரி காலத்தில், 1756-ல், பதவி போயிற்று. கம்பெனிக்குக் கொடுத்த பணம் வரவேண்டியிருந்தது, உடம்பும் ஒத்துழைக்கவில்லை. ஆங்கிலேயர் முற்றுகையில் நகரம் பட்டினி கிடந்து வீழ்ந்த அதே 1761 ஜனவரியில் அவரும் காலமானார். தமிழ்க் கணக்கில் விக்கிரம வருஷம். அவருக்கு வயது ஐம்பத்தொன்று. அதன்பின் அவர் தம்பி மகன் ரங்கப்ப திருவேங்கடம் பிள்ளை நாட்குறிப்பைத் தொடர்ந்தார்.

ஆனந்தரங்கப் பிள்ளை நூலகம்னு ஒண்ணு இருக்கே, அது இந்த வீட்டில்தானே?

இல்லை. அது காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் மைய நூலகம். அவர் நினைவாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கும் அதற்கும் வேறு தொடர்பு இல்லை.

உள்ளே போய்ப் பார்க்கலாமா?

அனுமதிச் சீட்டு வாங்கி நுழையும் பொது அருங்காட்சியகம் போல நினைத்துப் போகக் கூடாது. உரியவர்களிடம் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் ஒப்புக்கொண்டால் பார்க்கலாம். கதவு திறந்திருக்கிறது என்பதற்காகக் கைப்பேசியை நீட்டிக்கொண்டு உள்ளே நுழைவது எந்த வீட்டிலும் முறையாகாது. அந்தக் காலத்துப் பொருட்களைக் காண வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தால், பாரதி பூங்காவை அடுத்த புதுச்சேரி அருங்காட்சியகத்தில் டூப்ளே பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் கட்டில் இருக்கிறது. வெளிப்புறத்தைப் பார்க்க, மார்க்கெட்டின் இரைச்சல் தொடங்கும் முன் அதிகாலையில் வருவது நல்லது.

வெள்ளைக்காரனுக்கு வேலை பார்த்து, கோயிலை இடிச்சப்ப பேசாம இருந்தவர் வீட்டை ஏன் கொண்டாடணும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் 1748 செப்டம்பரில் நடந்ததை மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். இன்றைய மிஷன் வீதியில் சம்பா கோயில் என்ற மாதா தேவாலயத்தை ஒட்டி அப்போது வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த குழப்பத்தில், டூப்ளேயின் மனைவியும் பாதிரிமார்களும் முன்னின்று அதை இடிக்கச் செய்தார்கள். ஆனந்தரங்கர் அதைத் தடுக்கவில்லை. தடுக்கும் நிலையில் தாம் இல்லை என்பதையும், தம் மனம் பட்ட பாட்டையும், ஊர்ப் பெரியவர்கள் ஒன்றுபடாததையும் எழுதி வைத்தார். அந்த விளக்கத்தை ஏற்பதும் ஏற்காததும் படிப்பவர் விருப்பம். ஆனால் அந்த இடிப்பு எப்படி நடந்தது என்பது இன்று நமக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிவதே அவர் எழுதியதால்தான்.

அவர் வீரரும் அல்லர், துறவியும் அல்லர். லாபம் பார்த்தார், போட்டியாளர்களை வெறுத்தார், புகழ்ச்சியை விரும்பினார். டூப்ளேயை வானளாவப் புகழ்ந்த பக்கங்களும் அவர் மேல் மனம் கசந்த பக்கங்களும் அதே நாட்குறிப்பில் உள்ளன. அதே வேளையில், கிறித்துவர் ஒருவரே அந்தப் பதவிக்கு வர வேண்டும் என்ற நெருக்கடி இருந்தும், குருவப் பிள்ளை மதம் மாறியதுபோல் தாம் மாறாமலே அவர் பதவிக்கு வந்தார். 1746 பிப்ரவரியில் கனகராய முதலியார் இறந்த பிறகு நியமனம் இழுபறியானதற்கு அந்த நெருக்கடி முக்கியக் காரணம். கொண்டாடத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை; இடிந்து போக விடக் கூடாது என்று சொல்கிறேன்.

எங்க தாத்தா வீடும் அந்தப் பக்கம்தான். முதல்ல கட்டினவர் யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் வீட்டில் இருக்கும் இரும்புப் பெட்டியைத் திறங்கள். மூலப்பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், உயில், பழைய வரி ரசீது ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்குங்கள். ஒவ்வொரு பத்திரத்திலும் சொத்து எப்படி வந்தது என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் பிடித்து முந்தைய பத்திரத்துக்குப் போக வேண்டும். நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதியை அவசரமாகத் தாண்டாதீர்கள். கிழக்கே இன்னார் வீடு, வடக்கே இன்ன வீதி என்ற அந்த நான்கு வரிகள், வீட்டு எண்ணும் வீதிப் பெயரும் மாறிப் போன பின்னும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பத்திரம் சொத்து கைமாறியதைச் சொல்லும். கட்டியவரைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. வெறும் மனையாக வாங்கிய பத்திரமும், வீடும் மனையும் என்று குறிக்கும் அடுத்த பத்திரமும் கிடைத்துவிட்டால், வீடு எழுந்த காலம் இரண்டுக்கும் நடுவில் சிக்கிவிடும்.

அடுத்தது கட்டடத்தையே கேட்பது. மங்களூர் ஓட்டுக் கூரை என்றால் அந்தக் கூரை 1865-க்குப் பிந்தையது. பாசல் மிஷன் என்ற கிறித்துவ அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு அது. பர்மா தேக்கு உத்தரங்கள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைக் காட்டும். மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்த மெட்ராஸ் டெரஸ் தளத்தில் ஓரிடத்தில் மட்டும் இரும்பு கர்டர் தெரிந்தால், அந்த இடம் பின்னால் பழுது பார்த்தது. கூரை வயதையும் சுவர் வயதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று மேலே பெரிய வீட்டுக்குச் சொன்னது சின்ன வீட்டுக்கும் பொருந்தும்.

வாசல்காலில் "காளயுக்தி வருஷம் தை மாதம்" என்று செதுக்கியிருக்கிறது. அப்படியானால் வீடு 1738-ல் கட்டியதுதானே?

அவசரப்பட வேண்டாம். தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். காளயுக்தி என்பது 1738, 1798, 1858, 1918, 1978 ஆகிய ஆண்டுகளில் சித்திரையில் தொடங்கியது. தை மாதம் என்றால் ஆங்கில ஆண்டில் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இவற்றில் எது என்பதை எழுத்தின் வடிவமும், பத்திரங்களும், மேலே சொன்ன கட்டடப் பொருட்களும் சேர்ந்துதான் முடிவு செய்யும். என் அனுபவத்தில், குடும்பத்தார் எப்போதும் மிகப் பழைய ஆண்டையே தேர்ந்தெடுக்கிறார்கள். வீடு பெரும்பாலும் அதற்கு இரண்டு சுற்று பிந்தியது. வாசல்கால் மட்டும் பழைய வீட்டிலிருந்து பெயர்த்து வந்து வைத்ததாக இருக்கவும் கூடும். நல்ல மரத்தை யாரும் வீணாக்குவதில்லை.

பிரெஞ்சுக் காலப் பத்திரத்தில் எங்க கொள்ளுத்தாத்தா பெயரே வேற மாதிரி இருக்கே?

இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, பிரெஞ்சு எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதியது. பிள்ளை என்பது பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் வேறு உருவம் எடுத்திருக்கும். உரக்கப் படித்துப் பார்த்தால் பெயர் தானாக வந்துவிடும். மற்றொன்று முக்கியமானது. 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, தம் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. தகப்பன் பெயரை முன்னால் போட்டுக்கொண்டிருந்தவர், அந்த நாளிலிருந்து தமிழரிடையே அதுவரை கேள்விப்படாத ஒரு குடும்பப் பெயருக்கு மாறியிருக்கலாம். ஒரே தாய் வயிற்று அண்ணன் தம்பி இருவர் வெவ்வேறு குடும்பப் பெயரில் பதிவாகியிருப்பதையும் காணலாம்.

இப்படிப்பட்ட இடத்தில் சொத்துப் பத்திரத்தோடு நிற்காமல், பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரெஞ்சுக் காலத்து ஆவணங்களில் ஒரு பகுதி புதுச்சேரியில் உள்ள தேசிய ஆவணக் காப்பக மையத்திலும், மற்றொரு பகுதி பிரான்சில் ஏ-ஆன்-புரோவான்சில் உள்ள கடல்கடந்த நாடுகளுக்கான ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. பிரெஞ்சு படிக்கத் தெரிந்த ஒரு பெரியவரை உடன் அழைத்துப் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நாங்க கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய நகரத்தில், இருக்கோம். எங்களுக்கும் இதே வழிதானா?

பத்திரத்தைப் படிக்கும் முறையும் கட்டடத்தைப் படிக்கும் முறையும் ஒன்றே, அலுவலகங்கள்தான் வேறு. கடலூர் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்ததால் 1865 முதல் பத்திரப் பதிவு முறை உண்டு. 1975-க்குப் பிந்தைய வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். இன்னும் பழைய வருவாய் ஆவணங்களுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்தபின் சில ஆண்டுகள் ஆங்கிலேயரின் தலைமையிடமே தேவனாம்பட்டினத்துக்கு வந்தது. அந்தப் போர்க்காலத்தில் வணிகக் குடும்பங்கள் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே ஓடி ஒளிந்து குடிமாறின. கடலூரில் வீடும் புதுச்சேரியில் பூர்விகமும், அல்லது அதற்கு நேர்மாறாகவும் சொல்லும் குடும்பங்கள் இரண்டு ஊர் ஆவணங்களையும் பார்ப்பது நல்லது.

நாங்க ஆனந்தரங்கப் பிள்ளை வம்சம்னு பாட்டி சொல்வாங்க. அதை எப்படி நிரூபிக்கிறது?

பாட்டி சொன்னதைத் தள்ளிவிட வேண்டாம். அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். நேர் வம்சம், தம்பி வழி, பெண் கொடுத்த வழி, சம்பந்தி வீட்டு வழி என்ற நான்கும் ஊர்ப் பேச்சில் ஒன்றாகவே வம்சம் என்று கலந்துவிடும். அவருக்கு இரண்டு மகன்கள், மூன்று மகள்கள். நாட்குறிப்பைத் தொடர்ந்தது மேலே சொன்னபடி தம்பியின் வழி. ஆகவே முதல் கேள்வி எந்த வழி என்பது.

பெயரில் தடுக்கி விழாமல் இருக்க வேண்டும். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால், இந்தக் குடும்பத்தில் திருவேங்கடம் என்ற பெயர் தலைமுறைதோறும் வருகிறது. பழைய தாளில் திருவேங்கடம் பிள்ளை என்று கண்டதும் அவர் தந்தை என்று முடிவு கட்டினால், நூறு ஆண்டு பிசகிப் போகும். பெயரோடு தகப்பன் பெயரும் வருஷமும் சேர்ந்து வந்தால் மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டியிடம் கேட்கும்போது, வம்சமா என்று கேட்காமல், அவருடைய மாமியார் எந்த ஊர், கல்யாணம் எந்த வீட்டில் நடந்தது, பங்காளிகள் யார், தீட்டு யார் யாருக்கு என்று கேளுங்கள். பெரம்பூர், செங்கற்பட்டு, பரங்கிப்பேட்டை ஆகிய ஊர்களில் ஏதாவது ஒன்று அவர் வாயிலிருந்து தானாக வந்தால், அந்த ஊர்ப் பதிவுகளிலிருந்து தேடலைத் தொடங்கலாம்.